தமிழில் சிறுவர் நூல் எழுதி வெளியிட: முதல் வரியிலிருந்து அச்சகம் வரை

தமிழில் குழந்தைகளுக்காக எழுத வருகிறவர்கள் பலர் முதலில் கேட்பது, ஒரு புத்தகம் அச்சிட எவ்வளவு செலவாகும் என்பதுதான். உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கதை எழுதுவது, வெட்டிச் சுருக்குவது, பக்கம் பிரிப்பது, குழந்தைகளிடம் வாசித்துப் பார்ப்பது ஆகிய எல்லாமே வெள்ளைத்தாளும் பென்சிலும் மட்டும் கேட்கிற வேலைகள். அங்கே நேரும் பிழையைத் திருத்த அழிப்பான் போதும். ஓவியர் வரைந்து முடித்த பிறகு ஒரு பக்கத்தை மாற்றினால் இன்னொருவருடைய உழைப்பு வீணாகிறது. அச்சகத்தில் தகடு போட்ட பிறகு மாற்றினால் கைப்பணம் போகிறது. ஆகையால் செலவில்லாத வேலைகளை முழுமையாக முடித்துவிட்டே செலவுள்ள வேலைகளுக்குப் போக வேண்டும் என்பதை மனத்தில் வைத்து, அதே வரிசையில் படிகளை விளக்குகிறேன்.

யார் படிக்கப் போகிறார்கள்?

‘குழந்தைகளுக்கு’ என்று பொதுவாகச் சொல்லி எழுதத் தொடங்கக் கூடாது. நான்கு வயதுக் குழந்தை மடியில் உட்கார்ந்து கேட்கிற கதையும், ஏழு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டித் தானே படிக்கிற கதையும், பத்து வயதில் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற கதையும் நீளத்தாலும் சொல்லாலும் வாக்கிய அமைப்பாலும் வேறுபட்டவை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: முதல் நிலைக்கு ஏறத்தாழ 250 சொற்கள் வரை, இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1,500 வரை, நான்காம் நிலைக்கு அதற்கு மேல். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காக வகுத்திருக்கிறது. இவ்விரு வரிசைகளிலும் ஒவ்வொரு நிலைக்கும் சில நூல்களை எடுத்துப் படித்துவிட்டு, உங்கள் கதை எந்த நிலைக்கு உரியது என்பதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முதன்மையான முடிவு ஒன்று உண்டு. பெரியவர் வாசிக்கக் குழந்தை கேட்கும் புத்தகமா, குழந்தை தானே வாசிக்கும் புத்தகமா? முதல் வகையில் கடினமான சொல் வந்தாலும் குரலும் படமும் பொருளை உணர்த்திவிடும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு எழுத்தும் கணக்கில் வரும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்ட கைப்பிரதிகளே பதிப்பகங்களுக்கு அதிகம் வருகின்றன என்று தோன்றுகிறது: கதை நான்கு வயதுக்குரியது, மொழி பதினான்கு வயதுக்குரியது.

மொழி: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

தமிழ் எழுத்துகள் மொத்தம் 247. புதிதாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அவை ஒரே நாளில் வசப்படுவதில்லை. அகர வரிசை உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் தெரிந்துவிட்டாலே படம், மரம், வட்டம், நகரம், பழம் போன்ற சொற்களை அது வாசித்துவிடும். கால், கொம்பு, கொக்கி என்று குறியீடுகள் சேரச் சேர வாசிக்கத்தக்க சொற்களின் உலகம் விரியும். எனவே முதல் நிலைக் கதையை எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இதை எழுத்துக் கூட்டினால் எத்தனை குறியீடுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ‘சௌக்கியம்’ என்பதற்கு ‘நலம்’ போதும். கதைக்கு இன்றியமையாத ஒரு கடினச் சொல் இருந்தால் அதை நீக்க வேண்டாம். ஐந்தாறு முறை திரும்ப வருமாறு அமையுங்கள், நான்காம் முறை பிள்ளை அதைப் பார்த்த கணமே சொல்லிவிடும்.

அடுத்தது சந்தி. ‘மரத்திலேறியமர்ந்தான்’ என்று கோத்து எழுதினால் பெரியவர்களே ஒரு நொடி நிற்பார்கள். ‘மரத்தில் ஏறி அமர்ந்தான்’ என்று பிரித்து எழுதுவதே சிறுவர் நூலுக்கு ஏற்றது. பிரித்து எழுதலாம் என்பதற்காக ஒற்றுகளை விட்டுவிடக் கூடாது. ‘கதையைப் படித்தாள்’ என்பதிலுள்ள ‘ப்’ குழந்தையின் வாய்க்குத் தடையில்லை, உதவிதான். பேசும்போது அது அப்படித்தான் ஒலிக்கிறது. சிறுவர் நூலில் ஒற்றுப்பிழை இருந்தால் என்ன என்று கேட்பவர்கள், பிள்ளைகள் எழுத்துமுறையை இந்தப் புத்தகங்களிலிருந்தே கற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேச்சுத் தமிழைக் கையாளலாமா என்பது முடிவுறாத விவாதம். என் கருத்து இது: வாய்விட்டு வாசிக்கப்படும் கதையில் உரையாடலைப் பேச்சுவழக்கில் எழுதலாம், எழுதினால் கதை உயிர்பெறும், ஆனால் அது ஏதேனும் ஒரு வட்டாரத்தின் உண்மையான பேச்சாக இருக்க வேண்டும், நெல்லையும் கோவையும் சென்னையும் கலந்த ஒன்றாக இருக்கக் கூடாது. பிள்ளை தானே படிக்கும் தொடக்க நிலை நூலில் உரையாடலையும் எளிய எழுத்துத் தமிழில் வைப்பது நல்லது. ‘போயிட்டு வந்துர்றேன்’ என்பதைக் காதால் கேட்பது எளிது, எழுத்துக் கூட்டுவது மிகக் கடினம். எளிய எழுத்துத் தமிழ் என்றால் ‘ஆகையினால்’, ‘எனினும்’, ‘அவ்வாறே ஆகட்டும்’ போன்றவை இல்லாத தமிழ் என்று பொருள். எந்தக் குழந்தையும் தன் தங்கையிடம் ‘நான் மிகவும் மகிழ்ச்சியடைந்தேன்’ என்று சொல்வதில்லை.

தமிழில் எழுதுகிறவருக்குக் கைநிறையக் கிடைத்திருக்கும் செல்வம் இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும்தான். சலசல, படபட, கிலுகிலு, மொறுமொறு, கமகம என்று ஒரு சொல் வந்தால் ஒரு வாக்கியத்தின் வேலையை அது செய்துவிடும். குழந்தையும் உடனே திருப்பிச் சொல்லும். பாட்டாக எழுதுகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். எதுகை அமைய வேண்டும் என்பதற்காக வாக்கியத்தை முறுக்கி, யாரும் சொல்லாத வரிசையில் சொற்களைப் போட்டால், குழந்தைக்கு ஓசை மட்டும் கிடைக்கும், கதை கிடைக்காது. அப்படி ஓரிடம் வந்தால் எதுகையை விட்டுவிட்டு உரைநடைக்குத் திரும்புவதே மேல்.

கதையை எழுதுதல்

குழந்தையின் கவலைகள் பெரியவர்களுக்குச் சிறியதாகத் தெரியும், ஆனால் குழந்தைக்கு அவை முழு உலகம். ஒற்றைச் செருப்பு தொலைந்துபோவது, ஆடும் பல், புதிதாகப் பிறந்த தம்பி, வகுப்பில் பெயரைத் தவறாகக் கூப்பிடும் ஆசிரியர் என்று எதுவும் கதையாகலாம். சிக்கல் குழந்தையினுடையதாக இருக்க வேண்டும், அதைத் தீர்க்கும் முயற்சியும் குழந்தையினுடையதாகவே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் தாத்தா வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அறிவுரையும் சொல்லிவிட்டுப் போனால், அது தாத்தாவைப் பற்றிய கதை. ‘இதனால் அறியப்படும் நீதி’ என்று ஒரு வரி சேர்த்தால்தான் பள்ளிகளில் வாங்குவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த வரியை நீக்கியும் கதை நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். நின்றால் அந்த வரி தேவையில்லை, நிற்கவில்லையென்றால் கதையே தேவையில்லை.

நாட்டுப்புறக் கதைகளை எடுத்து எழுதுவது நல்ல தொடக்கம், அவை எல்லாருக்கும் உரியவை. ஆனால் ஒருவர் தம் நடையில் எழுதி வெளியிட்ட வடிவத்துக்குக் காப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். ஆகவே பாட்டியிடம் கேட்ட கதையை உங்கள் சொற்களில் எழுதுங்கள். அச்சில் பார்த்த நடையைத் தழுவாதீர்கள்.

பக்கம் பிரித்தல்

உரைநடை எழுதிப் பழகியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான். படநூலைப் பொறுத்தவரை இதைத் தாண்டவே முடியாது. நடுவில் பின் அடித்துத் தைக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்கும்: 16, 24, 32. உலகெங்கும் படநூலுக்கு 32 பக்கம் பரவலான அளவு. தமிழில் விலையைக் குறைக்க 16 பக்கமும் 24 பக்கமும் மிகுதி. புதியவர்களுக்கு 16 பக்கம் நல்ல பயிற்சிக்களம்.

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்க மாதிரி நூல் ஒன்று கிடைக்கும். முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரங்களுக்கு. கதை மூன்றாம் பக்கத்தில் தொடங்கி, நான்கும் ஐந்தும், ஆறும் ஏழும் என்று ஆறு இரட்டைப் பக்கங்களில் நடந்து, பதினாறாம் பக்கத்தில் முடியும். அதாவது உங்களுக்குக் கிடைப்பவை எட்டுக் காட்சிகள்தாம். கதையை வெட்டித் துண்டுத்தாள்களாக இந்த மாதிரியில் ஒட்டிப் பாருங்கள். ஒரே காட்சி மூன்று பக்கங்களுக்கு இழுத்தால் ஓவியர் ஒரே படத்தை மூன்று முறை வரைய வேண்டியிருக்கும். ஒரு பக்கத்தில் மூன்று நிகழ்ச்சிகள் நெருக்கினால் எதை வரைவது என்று அவருக்குத் தெரியாது.

பக்கம் புரட்டுவதற்கே ஒரு சுவை இருக்கிறது. எதிர்பார்ப்பு வலப்பக்கத்தின் அடியில் எழ வேண்டும், விடை புரட்டியபின் தெரிய வேண்டும். கேள்வியையும் விடையையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துவிட்டால் குழந்தையின் கண் முதலில் விடைப் படத்துக்குத்தான் ஓடும். இன்னொன்று: 16 பக்க நூலில் எட்டாம் ஒன்பதாம் பக்கங்கள் ஒரே தாளின் இரு பாதிகள். கதையின் மிகப் பெரிய காட்சியை அங்கே அமைத்தால் படம் நடுவில் பிசகாமல் முழுதாக விழும்.

இந்தக் கட்டத்தில் சொற்களில் பாதி போக வேண்டும். ‘சிவப்புப் பாவாடை அணிந்திருந்த செல்வி, கறுப்புக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, சேறு நிறைந்த தெருவில் மெதுவாக நடந்து பள்ளிக்குச் சென்றாள்’ என்று எழுதியிருந்தால், அதில் பாவாடை, நிறம், சேறு, தெரு எல்லாம் ஓவியருடைய பங்கு. உங்கள் பங்கு இவ்வளவே: ‘செல்வி குடையை விரித்தாள். உள்ளே யாரோ இருமினார்கள்.’ இருமியது யார் என்பதை அடுத்த பக்கத்தின் தவளை சொல்லிக்கொள்ளும். படம் காட்டுவதை எழுத்து மறுபடியும் சொன்னால் இரண்டும் வலுவிழக்கின்றன.

வாசித்துப் பார்த்தல்

மாதிரி நூல் ஆனதும் அதைக் குழந்தைகளிடம் கொண்டுபோக வேண்டும். உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் மட்டும் அன்று, ஏனென்றால் அவர்களுக்கு உங்களைப் பிடிக்கும். அருகிலுள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியரையோ கிளை நூலகரையோ கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள். அங்கே நீங்களே வாசிக்காமல் ஆசிரியரை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்காருங்கள். எழுதியவர் வாசித்தால் குரலின் ஏற்ற இறக்கமே எழுத்தின் குறைகளை மறைத்துவிடும். முன்பின் பார்த்திராதவர் தடுமாறும் இடம் வாக்கியம் சரியில்லாத இடம். குழந்தைகள் எங்கே நெளிகிறார்கள், எங்கே முன்னால் நகர்ந்து வருகிறார்கள், எந்தச் சொல்லைத் திரும்பச் சொல்கிறார்கள் என்பவற்றைப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ‘கதை பிடித்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லாக் குழந்தைகளும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘அந்தக் கதையை எனக்குச் சொல்’ என்று மறுநாள் கேட்டால், அவர்கள் விட்டுவிடுகிற பகுதி எது என்பது தெரிந்துவிடும். அதை நீங்களும் விட்டுவிடலாம்.

யாரிடம் அனுப்புவது?

சிறுவர் இதழ்கள் முதல் வாசல். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ அறிவியலை எளிமையாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஏற்றது. இதழில் வந்தால் ஊதியம் பெரிதாக இருக்காது. ஆனால் பக்க அளவுக்குள் எழுதவும் ஆசிரியரின் கத்தரிக்கோலைத் தாங்கவும் பழக்கம் வரும்.

ஸ்டோரிவீவர் போன்ற திறந்த தளத்தில், அங்கேயுள்ள ஓவியங்களைக் கொண்டே நீங்கள் ஒரு கதைநூலை உருவாக்கி வெளியிடலாம். அதற்கு முன் உரிமத்தைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். அத்தளம் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்ட கதையை, உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். கதை பரவ வேண்டும் என்பவருக்கு இது நல்வாய்ப்பு. அதே கதையைத் தனியுரிமையோடு ஒரு பதிப்பகத்துக்குத் தர எண்ணுகிறவர் அங்கே ஏற்றக் கூடாது.

பதிப்பகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. தமிழ்ச் சொல்விளையாட்டை மட்டுமே நம்பிய கதை அங்கே எடுபடுவது கடினம். பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’, வானம் பதிப்பகம் முதலியவை தமிழ்ச் சிறார் நூல்களைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் குறைந்த விலையில் நூல்களைத் தருகிறது. அனுப்புமுன் அந்தப் பதிப்பகத்தின் நூல்கள் சிலவற்றையாவது வாசித்திருக்க வேண்டும்.

கைப்பிரதியை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, பக்கப் பிரிப்பைக் குறித்து, வயது நிலை, சொல்லெண்ணிக்கை, மூன்று வரியில் கதைச் சுருக்கம் ஆகியவற்றோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு முறைக்கு ஒரு கதை போதும். நீங்களே ஓவியராக இல்லாவிட்டால் படங்களைச் சேர்க்கத் தேவையில்லை. பொதுவாக ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். உறவினர் வரைந்த படங்களை இணைத்து அனுப்புவது பெரும்பாலும் கதைக்கும் சேர்த்தே கதவை அடைத்துவிடுகிறது. பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம்.

ஒப்பந்தம்

வாய்ச்சொல்லை நம்பி உரிமை கொடுக்கும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் இன்னும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. காலம், மொழிகள், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ராயல்டி, அதாவது விற்பனையில் படைத்தவருக்குரிய பங்கு, பத்து விழுக்காடு என்பது பரவலாகக் கேட்கும் அளவு. படநூலில் அதை எழுத்தாளரும் ஓவியரும் பகிர்ந்துகொள்வார்கள். அது முகவிலையிலா, விற்ற தொகையிலா என்பது தெளிவாக இருக்கட்டும்.

‘உங்கள் நூலை வெளியிடுகிறோம், இவ்வளவு கட்டுங்கள்’ என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அது பதிப்பு அன்று, சேவை விற்பனை. வேண்டுமானால் வாங்கலாம், ஆனால் எத்தனை படிகள் அச்சிடப்படும், விற்காதவை யாருடையவை, படக்கோப்புகள் யாரிடம் இருக்கும் என்பவற்றை எழுதி வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சொந்தமாக வெளியிடுவோருக்கு

ஓவியரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: எத்தனை படங்கள், எத்தனை முறை திருத்தம், மூலப்படம் யாருக்கு, மறு அச்சுக்கு என்ன தொகை. முழுப் படங்களுக்குமுன் பென்சில் வரைவுகளை ஒப்புக்கொள்வதும், பாத்திரங்கள் எல்லாப் பக்கங்களிலும் ஒரே முகமும் உயரமும் கொண்டிருக்க ஒரு மாதிரித்தாள் கேட்பதும் பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில், ஓரங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் மிகையாக, அச்சுக்குரிய நான்கு வண்ண முறையில் இருக்க வேண்டும்.

பக்க வடிவமைப்பில் எழுத்துரு தேர்வு மிக முக்கியம். பல எழுத்துருக்களில் ‘ர’வும் காலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், புதிதாக வாசிக்கும் பிள்ளைக்கு அது பெரும் இடர். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரியும் எழுத்துருவை எடுத்து, தொடக்க நிலைக்கு எழுத்தளவு 18 புள்ளிக்குக் குறையாமல், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு அமையுங்கள். வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டாம். இன்டிசைன் மென்பொருளில் தமிழ் யூனிகோடு கொம்புகள் இடம்மாறித் தெரிந்தால், பன்மொழிக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ந-ன-ண, ர-ற, ல-ள-ழ பிழைகளுக்காக மட்டுமே ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும், அதையும் கதையை அறியாத ஒருவர் அச்செடுத்த தாளில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நூலையும் தனியே அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் கட்டணமின்றி வழங்குகிறது; பணம் வாங்கிக்கொண்டு பெற்றுத் தருகிறோம் என்பவர்கள் தேவையில்லை. அச்சுநூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். அச்சில், ஐந்நூறு படிகளுக்குக் குறைவாக வேண்டுமென்றால் தகடு தேவைப்படாத டிஜிட்டல் முறையும், ஆயிரத்துக்கு மேல் என்றால் தகடு போட்டு அச்சிடும் ஆஃப்செட் முறையும் பொதுவாகக் கட்டுப்படியாகும். உள்தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்கப் படம் தெரியும். அச்சகத்தார் காட்டும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு மாதிரிப் படியைக் கையில் வாங்கிப் பக்க வரிசையைச் சரிபார்க்காமல் முழு அச்சுக்கு ஒப்புதல் தராதீர்கள்.

நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் தலா ஒரு படியை வெளியிடுபவர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். விற்பனையைப் பொறுத்தவரை, கடைகள் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழிவு கேட்கும் என்பதைக் கணக்கில் வைத்தே முகவிலையை முடிவு செய்ய வேண்டும். சென்னையில் சனவரியிலும் ஈரோட்டில் ஆகஸ்டிலும் நடக்கும் புத்தகக் காட்சிகளில் தனி அரங்கு எடுப்பதைவிட, சிறுவர் நூல்களை விற்கும் ஓர் அரங்கில் படிகளை வைக்கக் கேட்பது செலவைக் குறைக்கும். பொது நூலகத் துறை நூல்கொள்முதல் அறிவிப்பு வெளியிடும்போது, எந்த ஆண்டில் வெளியான நூல்கள் ஏற்கப்படும் என்ற நிபந்தனையை முதலில் படியுங்கள். படிகளைத் தரையிலிருந்து உயர்த்தி, கறையான் அண்டாத இடத்தில் அடுக்கி, விற்ற கணக்கை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வாசகர் சுட்டும் பிழைகளையும் அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைத்தால், இரண்டாம் அச்சுக்குப் போகும்போது வடிவமைப்பாளரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துத் திருத்தம் வாங்கிக்கொள்ளலாம்.